கை எட்டாத அழுக்கு: மோட்டார் ஹோம் கேள்வி – பதில்

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிக்குப் பிரிட்டனில் மோட்டார் ஹோம், கனடாவில் ஆர்வி, ஜெர்மனியில் வோன்மொபில், கோடம்பாக்கத்தில் கேரவன். பெயர் எதுவானாலும் வாசகர்கள் எழுதும் குறை ஒன்றுதான்: கண்ணுக்கு நேரே இருப்பதைக் கழுவிவிடலாம், கூரையையும் இடுக்குகளையும் என்ன செய்வது? எல்லாப் பதிலுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வண்டிகளின் மூடிகள், சட்டங்கள், காற்றுத் துளைகள் எல்லாம் மேலிருந்து விழும் மழையைத் தாங்கச் செய்தவை. கீழே நின்று மேல்நோக்கிப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கச் செய்தவை அல்ல. கழுவப் போய் வண்டிக்குள் தண்ணீர் விட்டுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தவறுகிறார்கள்.

எங்கள் வண்டி ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், ஃபைபர்கிளாஸ் கூரை. குளிர்காலம் முழுக்க மரத்தடியில் நின்றதில் கூரை பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. மேலே ஏறாமல் கழுவ வழி உண்டா?
– வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து

உண்டு. ஏறாமல் இருப்பதே நல்லது. கூரை ஆள் எடையைத் தாங்குமா என்பதை வண்டியின் கையேடு சொல்லும். அது வாய் திறக்கவில்லை என்றால் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பாசி மீது ரப்பர் செருப்பும் வழுக்கும்.

மேல்படியில் அகலப் பலகை உள்ள ஏ வடிவ ஏணி ஒன்று, 3 மீட்டர் வரை நீளும் கம்பு, அதன் முனையில் மென்மயிர் பிரஷ், இரண்டு வாளி. இவ்வளவு போதும். கம்பின் உள்ளேயே தண்ணீர் ஓடும் பிரஷ் கிடைத்தால் வேலை பாதியாகும். ஏணியை வண்டியின் மேல் சாய்க்காதீர்கள். ஃபைபர்கிளாஸ் தாங்கினாலும் விளிம்பில் ஓடும் அலுமினியப் பட்டை நெளியும், அதனடியில் தண்ணீர் புகாமல் இடுக்கை அடைத்திருக்கும் சீலன்ட் பிளக்கும்.

தொடங்கும் முன் கூரைச் சாளரங்களை மூடிப் பூட்டுங்கள். கேஸை அடைத்து, மின் இணைப்பைக் கழற்றுங்கள். முடிந்தால் வண்டியின் ஒரு முனை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். தண்ணீர் ஒரு பக்கமாக வடியும்.

முதல் வேலை உலர்ந்த வேலை. சருகு, குச்சி, பறவை எச்சம் எல்லாவற்றையும் தண்ணீர் படும் முன்பே பெருக்கித் தள்ளிவிடுங்கள். நனைந்த சருகு ஆனிங் (வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் துணிக்கூரை) பெட்டிக்குப் பின்னால் உள்ள இடுக்கில் போய் அடைத்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. பிறகு வண்டி ஷாம்பூவைப் புட்டியில் போட்ட அளவுக்குக் கலந்து, கூரையை ஒரு மீட்டர் அகலத் துண்டுகளாக மனதில் பிரித்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தேய்த்து உடனே அலசுங்கள். ஒரே மூச்சில் முழுக் கூரைக்கும் நுரை போட்டால் கடைசித் துண்டுக்குப் போவதற்குள் முதல் துண்டு காய்ந்திருக்கும்.

தேய்த்தும் போகாத பச்சைக்கு, பென்சல்கோனியம் குளோரைடு கலந்த பாசி நீக்கி. வெயில் இல்லாத, மழையும் வராத நாளாகப் பார்த்துத் தெளியுங்கள். அது தேய்த்து எடுக்கும் மருந்தல்ல, பாசியைக் கொல்லும் மருந்து. நேரம் கொடுக்க வேண்டும். பிளீச் வேண்டவே வேண்டாம். சீலன்டையும் ரப்பரையும் உலர்த்திவிடும். கூரைச் சாளரத்தைச் சுற்றியுள்ள ஓரத்துக்குப் பெரிய பிரஷ் ஆகாது. 2 அங்குலப் பழைய பெயின்ட் பிரஷ்தான் சரி.

கூரை முடிந்ததும் பக்கச் சுவர்களையும் அன்றே கழுவிவிடுங்கள். கூரையிலிருந்து வழிந்த அழுக்கு நீர் சுவரில் காய்ந்தால் கோடு கோடாக நிற்கும். சுவருக்கு ஷாம்பூவைக் கீழிருந்து மேலாகத் தடவி, தண்ணீரை மேலிருந்து கீழாக விடுவது பழைய கைத்தொழில் முறை. மேலிருந்து ஷாம்பூ தடவினால் அது வழிந்து, கீழேயுள்ள உலர்ந்த அழுக்கைக் கோடுகளாக அரித்துக்கொண்டு இறங்கும். அந்தக் கோடுகளை எடுப்பது தனி வேலை.

கழுவி இரண்டே வாரம், ஜன்னல் மூலைகளிலிருந்து கறுப்புக் கோடுகள் திரும்ப வந்துவிடுகின்றன. கூரை ரப்பர் என்று விற்றவர் சொன்னார். ஆரஞ்சு எண்ணெய் கலந்த கிளீனர் வாங்கி வைத்திருக்கிறேன், போடலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். வட அமெரிக்க வண்டிகளில் ரப்பர் கூரை என்று சொல்வது பெரும்பாலும் இபிடிஎம் அல்லது டிபிஓ என்ற விரிப்பு. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்க் கிளீனர்களும் பெட்ரோலியக் கரைப்பான்களும் இபிடிஎம் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். அடியில் உள்ள பசை விட்டுக் குமிழ் எழும். பிறகு அந்த இடத்தை வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

உங்களுடையது எது என்று அறிய, கறுப்புத் துணியால் கூரையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெண்பொடி ஒட்டினால் இபிடிஎம் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கூரைக் காற்றுத் துளையின் உட்சட்டத்தைக் கழற்றி, விரிப்பின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். இபிடிஎம் அடிப்பக்கம் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும்.

கோடுகளுக்கு வருவோம். கூரையில் படிந்த புகையும் தூசியும், கூரையே உதிர்க்கும் பொடியும் பனி நீரில் கரைந்து, ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் தேங்கி, மூலையில் சொட்டி இறங்குகின்றன. சுவரை எத்தனை தடவை கழுவினாலும் ஊற்று மேலே இருக்கிறது. கூரையைக் கழுவுங்கள். கூரை விளிம்பில் ஓடும் மழைநீர்ப் பள்ளத்தின் முனைகளில் நீட்டு மூக்குகள் மாட்டுங்கள், மலிவான பிளாஸ்டிக்தான். தண்ணீர் சுவரில் ஒட்டாமல் தள்ளிப்போய்ச் சொட்டும். பிறகு சுவருக்கு ஒரு கை மெழுகு. மெழுகு பூசிய பரப்பில் கறுப்பு ஊறாது, ஷாம்பூவோடு வந்துவிடும். மந்திர ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் கோட்டை எடுக்கும், உண்மைதான். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள். பளபளப்பையும் சேர்த்தே எடுக்கும்.

கூரை கண்ணெதிரே இருக்கும்போதே சீலன்டையும் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு இரு தடவை பார்ப்பது வழக்கம். வெடிப்பு, விளிம்பு தூக்கல், ஊசித்துளை எதுவானாலும் சுத்தம் செய்து உலர்த்தி, கூரை வகைக்கு ஏற்ற லாப் சீலன்டை (கூரை இணைப்புகளின் மேல் பூசுவது) அதன் மேல் ஓடவிடுங்கள். தானே மட்டமாகும் வகை படுக்கைப் பரப்புக்கு மட்டும். நிற்கும் விளிம்பில் போட்டால் வழிந்து போகும், அங்கே வழியாத வகை. வீட்டுக் குளியலறை சிலிக்கோன் போட்டுவிடாதீர்கள். பின்னால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

உங்கள் வண்டியில் பக்கவாட்டில் நீளும் அறை இருந்தால், உள்ளே இழுக்கும் முன் அதன் கூரையைக் கம்புப் பிரஷால் ஒரு தடவை பெருக்குங்கள். அங்கே கிடக்கும் மணலும் பைன் ஊசிகளும் ரப்பர் உதட்டுக்கு அடியில் அரம் போல் ஓடி அதைக் கிழித்துவிடும்.

சினிமா ஷூட்டிங்குக்குப் போகும் கேரவன் வைத்திருக்கிறேன். செம்மண் காட்டில் ஒரு வாரம் நின்று வந்தால் மாடி ஏசி கூலிங் தருவதில்லை. பையன் வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து அடிக்கிறான், இன்னும் மோசமாகிறது. என்ன தப்பு?
– வாசகர், வடபழனி, சென்னை

கன்தான் தப்பு. ஏசியின் கண்டென்சரில், அதாவது வெப்பத்தை வெளியே விடும் பகுதியில், அலுமினியத் தகடுகள் தாள் கனத்தில் அடுக்கடுக்காக நிற்கும். கன் தண்ணீர் பட்டால் அவை ஒன்றன் மேல் ஒன்று படுத்துவிடும், காற்றுப் போக வழி அடைபடும். அதோடு வெளியிலிருந்து அடிக்கும்போது செம்மண் சேறாகி உள்பக்கம் போய்க் களிமண்ணாய் இறுகும்.

முதலில் ஜெனரேட்டரை நிறுத்தி, வெளி மின் இணைப்பையும் பிடுங்குங்கள். மின்விசிறி நிற்கட்டும். பிளாஸ்டிக் மூடியின் திருகுகளைக் கழற்றி மூடியை எடுங்கள். தூசி காய்ந்திருக்கும்போதே மென்பிரஷால் தகடு நிற்கும் திசையிலேயே, குறுக்கே போகாமல், தட்டி எடுத்து வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். பிறகு சாதாரணக் குழாய் அழுத்தத்தில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். தூசி வந்த வழியே திரும்பிப் போகும். மின் இணைப்புப் பெட்டியையும் மோட்டாரையும் பாலிதீன் போட்டு மூடிக்கொள்ளுங்கள். படுத்த தகடுகளை நிமிர்த்த ஏசி மெக்கானிக்குகளிடம் ஒரு சீப்பு உண்டு. ஏசியின் அடித்தட்டில் உள்ள வடிகால் துளைகளில் குச்சி விட்டுப் பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் வண்டிக்குள் சொட்டும். மூடியைத் திரும்ப மாட்டும்போது திருகை இறுக்கோ இறுக்கு என்று இறுக்காதீர்கள், வெயிலில் வெந்த பிளாஸ்டிக் திருகு ஓரத்திலேயே விரியும்.

அலுமினியத் தகட்டுக் கூரைக்குத் தேங்காய் நாரும் இரும்பு நாரும் ஆகாது. ஜெனரேட்டர் புகை படிந்த பக்கத்துக்குத் தின்னர், பெட்ரோல் வேண்டாம். வண்டிகளுக்கான மென்மையான டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி) போட்டு, காயவிடாமல் அலசுங்கள். ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீரே கூடாது, ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. ஈசிஆர் பக்கம் கடலோரம் நின்றிருந்தால் அன்றைக்கே வெறும் தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர், உடனே ரப்பர் வைப்பர். மதியம் 12 மணி வெயிலில் கழுவவே வேண்டாம்.

நாங்கள் ஜன்னல் விளிம்பில் இருந்த பிசினை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். இப்ப கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்கள். இதை மெருகேற்றலாமோ?
– வாசகி, டோர்ட்முண்ட், ஜெர்மனி

அது கண்ணாடி அல்ல. ஐரோப்பிய வண்டிகளின் வாழ்விடப் பகுதி ஜன்னல்கள் பெரும்பாலும் இரட்டைச் சுவர் அக்ரிலிக் பிளாஸ்டிக். வளைத்து வார்த்ததில் அதற்குள் இறுக்கம் இருக்கும். ஆல்கஹால், அமோனியா கலந்த கண்ணாடிக் கிளீனர், தின்னர் பட்டால் அந்த இறுக்கம் நுண்வெடிப்பாக வெளிப்படும். மேல்கீறலை மெருகேற்றலாம், இது உள்ளே ஓடும் வெடிப்பு. மன்னிக்கவும், பழைய நிலைக்கு வராது. வெடிப்பு பெருகினால் ஜன்னலை மாற்றத்தான் வேண்டும்.

மற்ற ஜன்னல்களையாவது காப்பாற்றுங்கள். முதலில் தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்குங்கள், பிறகு பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி. உலர்துணியால் ஒருபோதும் தேய்க்க வேண்டாம். ஜன்னல் மேல்பக்கக் கீலில் தொங்குவதால், கீல் சட்டத்துக்குப் பின்னால் அழுக்குச் சேரும். ஜன்னலை ஒரு படி மட்டும் திறந்து பழைய பல் துலக்கியை உள்ளே விடுங்கள், தண்ணீரைக் குழாயால் அல்ல, ஸ்பாஞ்சால் பிழிந்து விடுங்கள். ரப்பர் நன்றாகக் காய்ந்தபின் டால்க் பவுடர் தடவினால் ஒட்டிக்கொள்ளாது.

இன்னொன்று. உங்கள் நாட்டில் மண் தரையில் வண்டி கழுவக் கூடாது, நிலத்தடி நீருக்காக. தெருவில் கழுவுவதற்கும் ஊருக்கு ஊர் விதி உண்டு. எண்ணெய் பிரிக்கும் வசதியுள்ள கழுவுமிடத்துக்கே போங்கள். சிலவற்றில் உயரமான வண்டிகளுக்கென்றே ஏறி நின்று கழுவும் மேடை இருக்கிறது. அங்கே கையில் தரும் கன்னை ஜன்னல், ஸ்டிக்கர், காற்றுத் துளை பக்கம் திருப்பாதீர்கள். வெற்றுச் சுவருக்கும் ஒரு மீட்டர் தள்ளி, விசிறிப் பாய்ச்சலாக மட்டும்.

வெளிச்சுவரில் குளிர்பெட்டிக்கு நேரே இரண்டு கம்பித் துளைகள். உள்ளே ஒரே ஒட்டடை. குழாயை வைத்து அடித்துவிடலாமா?
– வாசகர், ஒஸ்லோ, நார்வே

கூடாது. இந்தக் குளிர்பெட்டி கேஸிலும் ஓடுவது. கீழ்த்துளைக்குப் பின்னால் அதன் கேஸ் எரிமுனையும் மின் இணைப்புகளும் இருக்கின்றன. கேஸை அடைத்து, மின்சாரத்தை எடுத்து, சூடு ஆறியதும் மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தாழ்கள்தான். ஒட்டடையையும் குளவிக் கூட்டையும் மென்பிரஷ், வேக்குவம் கொண்டு எடுங்கள். மூடியைத் தனியாகக் கொண்டுபோய் ஷாம்பூவில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். வண்டியைக் கழுவும் நாளில் துளைகளுக்குக் குளிர்கால மூடியைப் போட்டுக்கொள்ளலாம், பிறகு மறக்காமல் எடுக்க வேண்டும்.

எரிமுனைக் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டுவது சாதாரணம். கேஸில் சேர்க்கும் மணம்தான் அதை இழுக்கிறது என்று பழுதுபார்ப்பவர்கள் சொல்வார்கள். காற்று குறைந்தால் சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாகும், மேல்துளையைச் சுற்றிப் புகைக்கரி படியும். அதைக் கண்டால் கேஸ் வெளிவரும் நுண்துளையான ஜெட்டைக் குண்டூசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் கேஸ் கூடுதலாக வரும். மஞ்சள் சுடர் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும். உரிமம் பெற்ற கேஸ் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

சோலார் பலகைக்கு அடியில் இரண்டு விரற்கடை இடைவெளிதான். உள்ளே இலையும் செம்புழுதியும். எப்படி எடுப்பது?
– வாசகர், மெல்பர்ன், ஆஸ்திரேலியா

பால்புட்டி கழுவும் பிரஷை ஒரு மூங்கில் குச்சியில் கட்டுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் தூசி எடுக்க விற்கும் நீளமான தட்டைப் பிரஷ் இன்னும் நல்லது. உலர்ந்த நிலையில் இழுத்து எடுத்தபின் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கேபிளை இழுத்துவிடாதீர்கள், கூரைக்குள் அது இறங்கும் இடத்துச் சீலன்ட் அசையும். பலகையின் மேல்பக்கத்தை அதிகாலையில், அது சூடாகும் முன் கழுவுங்கள். ஒரு செல்லை மறைக்கும் பறவை எச்சம் அந்த ஒரு செல்லோடு நிற்காது. செல்கள் தொடராக இணைந்திருப்பதால் அந்த வரிசையே படுத்துவிடும்.

பனிக்காலச் சாலை உப்பு அடிப்பாகத்தில் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை. கீழே படுத்துக் கழுவ முதுகு இடம் கொடுக்காது.
– வாசகர், மான்செஸ்டர், இங்கிலாந்து

படுக்க வேண்டாம். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும், முன்னும் பின்னும் ஆடும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஓரிடத்தில் 15, 20 நிமிடம், பிறகு ஒரு மீட்டர் நகர்த்துங்கள். இங்கே மட்டும் தண்ணீர் கீழிருந்து மேலே போகலாம், சக்கரம் தெறிக்கும் நீரைத் தாங்கச் செய்த பகுதி அது. அழுத்தம் இல்லாததால் மரத்தரை இணைப்புகளுக்குள்ளும் திணிக்காது. உறைபனி நாளில் செய்யாதீர்கள். மட்கார்டின் உள்மடிப்பில் சேறு கட்டியாக உட்கார்ந்திருக்கும், அங்கே கைவிரல்தான் கருவி, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. நன்றாகக் காய்ந்த பின்தான் துருக்காப்பு மெழுகு. ஈரத்தின் மேல் பூசினால் உப்புநீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் நிற்கும் பிளாஸ்டிக் தட்டையும் மறக்காதீர்கள். அதன் வடிகால்களில் இலை அடைத்தால் தண்ணீர் தேங்கி எஞ்சின் மேல் இறங்கும். ஃபியட் டுகாட்டோ மேல் கட்டிய வண்டிக்காரர்களுக்கு இது பழகிய தலைவலி. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, இரு பக்கமும் வடிகிறதா என்று பாருங்கள்.

ஆனிங் துணியில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள்.
– வாசகி, பாரிஸ்

ஈரமாகச் சுருட்டியதன் பலன். முழுக்க விரித்து, ஒரு பக்கத்தைத் தாழ்த்தி, மென்பிரஷும் வெதுவெதுப்பான சோப்பு நீரும் கொண்டு இரு பக்கமும் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் சுருட்டுங்கள். மழையில் சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஓரிரு நாளில் திரும்ப விரித்துக் காயவையுங்கள். ஊறிப்போன புள்ளிகள் மங்கும், மறையாது. ஆனிங் மாட்டும் தண்டவாளப் பள்ளத்துக்கு, சோப்பு நீரில் நனைத்த துணியைக் கயிற்றில் முடிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள்.

கழுவிய மறுநாள் உள்ளே அலமாரி மூலையில் ஈர வாடை. தண்ணீர் உள்ளே போய்விட்டதா?
– வாசகர், பிரிஸ்டல், இங்கிலாந்து

ஈரமானி ஒன்று வாங்குங்கள், இரு ஊசி உள்ளது போதும். கூரையும் சுவரும் சேரும் மூலைகள், ஜன்னலின் கீழ்மூலைகள், கூரைச் சாளர ஓரம், அலமாரியின் உட்சுவர் என்று அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஊசி குத்திய தடம் தெரியாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள். 15 விழுக்காடு வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை என்றால் சில வாரம் கழித்துத் திரும்ப அளங்கள். 20 தாண்டினால் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். 30க்கு மேல் என்றால் உள்ளே மரச்சட்டம் மெத்தென்று ஆகத் தொடங்கியிருக்கலாம்.

ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் வெளியே சீலன்ட் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கூரையில் நுழைந்த தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி ஒரு மீட்டருக்கு அப்பால் எட்டிப் பார்க்கும். உலர்ந்த நாளில் ஒருவர் உள்ளே விளக்கோடு நிற்க, இன்னொருவர் அழுத்தமில்லாத குழாயால் ஒரே இடத்தில் 10 நிமிடம் தண்ணீர் விட்டு, கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாக மேலே ஏறட்டும். மேலே தொடங்கினால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது கசிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.